ஸ்லீப்பர்ல ஏறு... பனியில இறங்கு!

தொட்டபெட்டா போயிருப்பீங்க. ஸ்கூல் டூர்ல ஊட்டிக்குக் கூட்டிட்டுப் போய், வரிசையில நிக்க வெச்சு, டெலஸ்கோப்ல அரை நிமிஷம் கண்ணை வைக்கவிட்டு, 'அடுத்த ஆள் வா'ன்னு துரத்துவாங்களே... அதே இடம்தான். உயரம் 2,637 மீட்டர். காஷ்மீர்ல இருக்கிற குல்மார்க்கோட உயரம் சுமார் 2,650 மீட்டர். ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே உயரம் பாஸ்! ஆனா, ஜனவரியில தொட்டபெட்டா புல் நுனியில உறைபனி பூத்தாலே நமக்கு அது நியூஸ். குல்மார்க்கில் அதே ஜனவரியில வேலிக் கம்பியெல்லாம் பனிக்குள்ள முங்கிக் கிடக்கும்.

ஏன் இப்படி? நாம இருக்கிறது 11 டிகிரி அட்சரேகையில. அவங்க 34 டிகிரியில. போதாக்குறைக்கு, குளிர்காலத்துல மத்திய தரைக்கடல் பக்கம் கிளம்புற காற்றுச் சுழல்கள் ஈரான், ஆப்கானிஸ்தான் எல்லாம் தாண்டி வந்து இமயமலையில முட்டி, வெச்சிருக்கிற ஈரத்தையெல்லாம் பனியாக் கொட்டிட்டுப் போகுது. வானிலை ஆபீஸ்ல இதுக்கு 'வெஸ்டர்ன் டிஸ்டர்பன்ஸ்'னு பேரு. நமக்கு வடகிழக்குப் பருவமழை எப்படியோ, அவங்களுக்கு அது அப்படி. இந்தப் பேரை ஞாபகம் வெச்சுக்கோங்க. பின்னாடி தேவைப்படும்.

அந்தப் பனியில ஸ்கீ பழகணும்னு நாலு பேருக்கு ஆசை வந்துச்சு. கோவையில ஒரு இன்ஜினீயரிங் காலேஜ், ஃபைனல் இயர், ஹாஸ்டல்ல ஒரே ஃப்ளோர். ஸ்ரீநகருக்கு ஃப்ளைட் ரேட் பார்த்தோம். பார்த்துட்டு லேப்டாப்பை மூடிட்டோம். அப்பதான் எங்க ஃப்ளோர்ல இருக்கிற ரயில் பைத்தியம் ஒருத்தன் சொன்னான்: "டேய், நம்ம கோயமுத்தூர் வழியாவே போகுதேடா ஹிம்சாகர்!"

பேரைக் கவனிங்க. ஹிம்னா பனி, சாகர்னா கடல். கன்னியாகுமரிக் கடல்ல கிளம்பி, ஜம்முவையும் தாண்டி கத்ரா வரைக்கும் போற வண்டி. 3,700 கிலோமீட்டருக்கு மேல ஓட்டம். வாரத்துக்கு ஒரே தடவை, வெள்ளிக்கிழமை கிளம்பும். கேரளாவைச் சுத்திட்டு கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம், காட்பாடின்னு நம்ம ஊரைத் தொட்டுட்டு வடக்கே திரும்பிடும். ஸ்லீப்பர் டிக்கெட் ஆயிரம் ரூபாயை ஒட்டித்தான். மூணு ராத்திரி படுக்கையும் அதுக்குள்ள அடக்கம்னு கணக்குப் போட்டா, ஒரு ராத்திரிக்கு முந்நூத்திச் சொச்சம். எந்த ஊர்ல கிடைக்கும் இந்த ரேட்டுக்கு ரூம்?

ஐரோப்பாவில் இது பழைய பழக்கம். ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் ராத்திரி ரயில் ஏறிப் படுத்தா, மறுநாள் விடிஞ்சதும் ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் பக்கம் ஆல்ப்ஸ் மலை ஜன்னலுக்கு வெளிய வந்து நிக்கும். அவங்களுக்கு ஒரு ராத்திரி. நமக்கு மூணு. அவ்வளவுதான் வித்தியாசம். சரி, சார்ஜிங் பாயின்ட்டுக்குச் சண்டை போடணும், அதையும் சேர்த்துக்கோங்க.

டிக்கெட் விஷயத்துல ஒண்ணு. முன்பதிவு 120 நாள் முன்னாடின்னு அண்ணன்மார் யாராவது சொன்னா நம்பாதீங்க. 2024 நவம்பர்ல இருந்து அதை 60 நாளாக் குறைச்சுட்டாங்க. ஆக, பொங்கலுக்கு அப்புறம் போற வண்டிக்கு நவம்பர் மாசம் உக்காரணும். நாங்க செமஸ்டர் எக்ஸாம் ஹால் டிக்கெட் வாங்கறதுக்கு முன்னாடி ரயில் டிக்கெட் வாங்கினவங்க.

இப்ப வீட்டு மேட்டர். நாலு பேர்ல மூணு பேர் வீட்டில் சொல்லிட்டோம். எளிதா நடந்த காரியம் இல்லை அது. 2025 ஏப்ரல் 22-ம் தேதி பஹல்காம்ல 26 பேரைச் சுட்டுக் கொன்னாங்களே, அதை டி.வி.யில பார்க்காத வீடு இருக்கா? என் அப்பா ரெண்டு நாள் பேசவே இல்லை. மூணாவது நாள், "எந்த ரூட், எங்க தங்கறீங்க, யார் நம்பர், எல்லாம் பேப்பர்ல எழுதிக் குடு"ன்னு கேட்டார். எழுதிக் குடுத்தேன். அதை ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டி வெச்சார்.

நாலாவது ஆள், பொள்ளாச்சிக்காரன், அவன் மட்டும் வீட்ல 'டெல்லிக்கு ஐ.வி.'ன்னு சொல்லிட்டான். ஐ.வி.னா இண்டஸ்ட்ரியல் விசிட்டுனு உங்களுக்குத் தெரியும். வீட்டுக்காரங்களுக்கும் தெரியும்கிறதுதான் அதோட பவர். 'வேணாம்டா, சொல்லிடு'ன்னு நாங்க மூணு பேரும் சொன்னோம். இல்லை, பொய் சொல்லக் கூடாது, ஒரு தடவை சொன்னோம். அப்புறம் விட்டுட்டோம்.

வெள்ளிக்கிழமை ராத்திரி ஏறினோம். சனிக்கிழமை முழுக்க ஆந்திரா, தெலங்கானா. டி-ஷர்ட்தான், ஃபேன் ஓடுது. ஞாயித்துக்கிழமை கண் முழிச்சா டீ விக்கிறவர் குரல் மாறியிருக்கு, பக்கத்து சீட்ல ஆள் மாறியிருக்கு, ஜன்னல் வழியா வர்ற காத்து மாறியிருக்கு. நாக்பூர்ல ஆரஞ்சு, ஆக்ராவில் பேட்டா. எங்க எதிர் சைடு லோயர்ல ஒரு ரிட்டயர்டு சுபேதார். பாலக்காட்டுக்காரர். 'குல்மார்க்கா? நான் அங்க இருந்திருக்கேன்'னு ஆரம்பிச்சவர், ஜான்சி வரைக்கும் நிறுத்தலை. ராணுவத்தோட 'ஹை ஆல்டிட்யூட் வார்ஃபேர் ஸ்கூல்' குல்மார்க்லதான் இருக்கு. 1948-ல ஒரு ஸ்கீ பள்ளியா ஆரம்பிச்சதுதான் அது. 'நீங்க ஜாலிக்குக் கத்துக்கப் போறீங்க, எங்களை முதுகுல மூட்டையோட கத்துக்க வெச்சாங்க'ன்னு சிரிச்சார்.

ஆக்ரா தாண்டினதும் ஃபேனை அணைச்சோம். அதுக்கப்புறம் ஜன்னலை இறக்கினோம். அதுக்கப்புறம் பேக்ல இருந்த எல்லாத்தையும் எடுத்துப் போட்டுக்கிட்டோம். இங்க ஒரு விஷயம் சொல்லணும். ஸ்லீப்பர்ல போர்வை, தலகாணி தர மாட்டாங்க. ஜனவரி ராத்திரியில ஹரியானா, பஞ்சாப் தாண்டும்போது கதவிடுக்குல வர்ற காத்து குல்மார்க்கைவிட மோசம்னு சத்தியம் பண்ணுவேன். நல்ல கம்பளி ஒண்ணு எடுத்துக்கோங்க. அப்பர் பெர்த் கேளுங்க, அங்க கொஞ்சம் கதகதப்பு. வட இந்தியாவுல மூடுபனி சீசன்ல எந்த வண்டியும் நேரத்துக்கு வரும்னு எதிர்பார்க்காதீங்க. கத்ராவுல அன்னிக்கே கனெக்‌ஷன் பிடிக்கிற மாதிரி பிளான் போட்டா மாட்டிக்குவீங்க. ஒரு ராத்திரி அங்க தங்கறதா வெச்சுக்கோங்க. வைஷ்ணவ தேவி கோயிலுக்குப் போறவங்களுக்கான ஊர், சின்னச் சின்ன லாட்ஜ் நிறைய இருக்கு. அப்புறம், மழைக்காலத்துல இந்தப் பாதையே வேண்டாம். 2025 ஆகஸ்ட் வெள்ளத்துல ஜம்மு, கத்ரா வண்டிகள் வரிசையா ரத்தாச்சு.

டெல்லியில வண்டி நின்னப்ப நம்ம பொள்ளாச்சிக்காரன் வீட்டுக்கு போன் போட்டான். "அம்மா, டெல்லி வந்துட்டேன்மா!" பொய் இல்லை. டெல்லி வந்தது உண்மை. இறங்கலை, அவ்வளவுதான்.

பதான்கோட் தாண்டினதும் அவன் போன்ல சிக்னல் காணோம். இதை நல்லாக் கேட்டுக்கோங்க: வெளி மாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீர்ல வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு மட்டும்தான். நம்மல்ல முக்கால்வாசிப் பேர் ப்ரீபெய்டு. எங்க நாலு பேர்ல என் நம்பர் மட்டும் அப்பாவோட ஃபேமிலி பிளான்ல இருக்கிற போஸ்ட்பெய்டு. 'என் போன்ல பேசுடா'ன்னேன். 'வேற நம்பர்ல இருந்து பேசினா ஏன்னு கேப்பாங்க, நாளைக்குப் பார்த்துக்கலாம்'னான். நாளைக்கும் அதையேதான் சொன்னான்.

மறுநாள் கத்ராவில் இருந்து ஸ்ரீநகருக்கு வந்தே பாரத். 2025 ஜூன் 6-ம் தேதிதான் இந்தப் பாதை திறந்தது. அதுக்கு முன்னாடி ஜம்மு டு ஸ்ரீநகர் ரோடுதான் கதி. ஒரு மண்சரிவு, ஒரு பெரிய பனி, அவ்வளவுதான், நடு வழியில லாரிகளோட நாள் கணக்குல நிக்கணும். இப்ப மூணு மணி நேரம்! தொடங்கினப்ப சேர் கார் டிக்கெட் 715 ரூபாய். ஸ்டேஷன்ல பேக்கைப் பிரிச்சுப் பிரிச்சு செக் பண்றாங்க, சீக்கிரமே போயிடுங்க.

செனாப் பாலத்தைப் பத்தி நிறையப் படிச்சிருப்பீங்க. ஆத்துல இருந்து 359 மீட்டர் உயரம், ஈஃபிள் டவரைவிட அதிகம். நாங்க போன் கேமராவை ரெடி பண்ணி ஜன்னல்ல மூக்கை ஒட்டிட்டு உக்காந்திருந்தோம். யாரும் சொல்லாத ஒரு ரகசியம் சொல்லட்டுமா? கத்ராவுக்கும் பனிஹாலுக்கும் நடுவுல 111 கிலோமீட்டர். அதுல 97 கிலோமீட்டர் சுரங்கம்! இருட்டு, இருட்டு, திடீர்னு ஒரு பள்ளத்தாக்கு, 'ஐயோ'ன்னு சொல்றதுக்குள்ள மறுபடி இருட்டு. செனாப் பாலம் 1,315 மீட்டர் நீளம், ரயில்ல ஒரு நிமிஷம் சொச்சம். என் வீடியோவுல அந்த ஒரு நிமிஷமும் எனக்கு முன்னாடி எந்திரிச்ச அங்கிளோட குரங்குக் குல்லாதான் இருக்கு.

ஆனா, நிஜமான ஷோ அது இல்லை. பனிஹால் ஸ்டேஷன்ல நின்னப்ப மலையெல்லாம் பழுப்பு நிறம், மொட்டை மரங்க, அங்கங்க திட்டுத் திட்டா வெள்ளை. 'இவ்வளவுதானா?'ன்னு இருந்துச்சு. அடுத்தது பீர் பஞ்சால் சுரங்கம், 11 கிலோமீட்டர். மலைக்கு அடியில நேரா ஓட்டை. கம்பார்ட்மென்ட் லைட்ல நம்ம முகமே ஜன்னல்ல தெரியும், அதைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கணும். அப்புறம் ஒரு சாம்பல் வெளிச்சம் எட்டிப் பார்க்கும். அடுத்த செகண்ட்... வெள்ளை! வயல் வெள்ளை, கூரை வெள்ளை, மின்கம்பி மேல ஒரு வெள்ளைக் கோடு. பெட்டி மொத்தமும் ஒரு 'ஹா...' சொல்லுச்சு. முன் சீட்ல இருந்த காஷ்மீர்க்காரப் பெரியவர் மட்டும் செய்தித்தாளைத் திருப்பினார். மூணு ராத்திரி கழிச்சு அந்த ஒரு செகண்டுக்கு வந்து சேர்றதும், ஃப்ளைட்ல தூங்கி எழுந்து பனியில இறங்கறதும் ஒண்ணில்லைங்க. நெல்லூர் சூடு, போபால் குளிர், அம்பாலா நடுக்கம்னு ஒவ்வொண்ணா உடம்பு வாங்கிட்டுத்தான் அங்க போய்ச் சேருது.

ஸ்ரீநகர் ஸ்டேஷன்ல இருந்து குல்மார்க் ஐம்பது கிலோமீட்டர் சுமார். டங்மார்க் வரைக்கும் எந்த வண்டியும் போகும். அங்கிருந்து மேல 13 கிலோமீட்டர், டயர்ல சங்கிலி கட்டின வண்டியில ஏறணும். எங்களோட ரூம் சின்னது, மரச்சுவர், நடுவுல 'புகாரி'ன்னு ஒரு விறகு அடுப்பு, புகைபோக்கி கூரை வழியா வெளிய போகுது. ஓனருக்கு அம்பது வயசு இருக்கும். 'ஃபெரன்' அங்கிக்குள்ள ரெண்டு கையும் போட்டு, நெருப்புக் கனல் வெச்ச 'காங்க்ரி' கூடையை வயித்தோட அணைச்சுக்கிட்டே பேசுவார். முதல் தடவை பார்த்தா மனுஷன் கர்ப்பமா இருக்கிற மாதிரி இருக்கும். சாப்பாடு? கவலையே படாதீங்க. காஷ்மீர்க்காரங்க நம்மளைவிடச் சோத்துப் பிரியருங்க. சோறு, 'ஹாக்'னு ஒரு கீரை, ராஜ்மா. மூணு நாள் ரயில் சப்பாத்திக்கு அப்புறம் அந்தச் சோத்தைப் பார்த்து ஒருத்தன் கண் கலங்கினான். உப்புப் போட்ட ரோஸ் கலர் டீயை மட்டும் கடைசி வரைக்கும் என்னால ரசிக்க முடியலை.

புதன்கிழமை ஸ்கீ. பலகை, பூட்ஸ், குச்சி எல்லாம் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். பூட்ஸை மாட்டினதும் முதல் அதிர்ச்சி. கணுக்கால் ஒரு இன்ச் அசையாது. ரோபோ மாதிரி குதிகாலை ஊன்றி ஊன்றி நடக்கணும். நம்மளைச் சுத்தி ஸ்லெட்ஜ் இழுக்கிறவங்க, கைடுங்க, கோச்சுங்க, ஒரே மொய்ப்பு. 'காஷ்மீர்ல பேரம் பேசாட்டி ஏமாந்துருவீங்க'ன்னு ஊர் முழுக்க சொல்லித்தானே அனுப்புறாங்க? பேசினோம். நாலு பேருக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 2,000 கேட்டார் ஒரு கோச். இந்தில, இங்கிலீஷ்ல, சைகைல, ஒரு மணி நேரம் பேசி 1,200-க்கு முடிச்சோம். பெரிய சாதனை செஞ்ச மாதிரி ஒருத்தனுக்கொருத்தன் கை தட்டிக்கிட்டோம்.

கோச் முதல்ல சறுக்கக் கத்துக்குடுக்கலை. விழக் கத்துக்குடுத்தார். பக்கவாட்டில விழணும், எந்திரிக்கும்போது பலகை ரெண்டும் சரிவுக்குக் குறுக்கே இருக்கணும், இல்லாட்டி எந்திரிக்க எந்திரிக்க அது இழுத்துட்டுப் போகும். அடுத்தது நிறுத்தறது. முன் நுனி ரெண்டையும் சேர்த்து, பின்பக்கத்தை அகட்டி, உள் விளிம்பால பனியை அழுத்தணும். 'பீட்சா துண்டு மாதிரி'ன்னார். உலகம் முழுக்க ஸ்கீ கோச்சுங்க இதைத்தான் சொல்வாங்களாம். பெரிய சிக்கல் ஒண்ணு இருக்கு: பயம் வந்தா நம்ம உடம்பு தானா பின்னால சாயும். பின்னால சாய்ஞ்சா பலகை மேல கன்ட்ரோல் போயிடும், வேகம்தான் கூடும். பள்ளத்தைப் பார்த்து முன்னால சாயணும். சொல்றப்ப ஈஸி. ஆறு மாசக் குழந்தையும் இதுக்கு ஒத்துக்காது, எங்க உடம்பு எப்படி ஒத்துக்கும்? மதியத்துக்குள்ள ஆளுக்கு முப்பது தடவையாவது விழுந்திருப்போம்.

இதுக்கெல்லாம் கேபிள் கார் தேவையில்லை. பழகறவங்களுக்குக் கீழ் மைதானத்துச் சரிவே போதும். கொண்டோலா ரெண்டு கட்டமாப் போகும். ரெண்டாவது கட்டம் அஃபர்வத் மலையில கிட்டத்தட்ட 3,950 மீட்டர் வரைக்கும். டிக்கெட்டை முன்னாடியே ஆன்லைன்ல போட்டுருங்க. போய்ப் பாருங்க, போட்டோ எடுங்க, கேபிள் கார்லயே இறங்கி வாங்க. மேல இருந்து சறுக்கற வேலை வேண்டாம். 2024 பிப்ரவரியில அந்தப் பக்கம் பனிச்சரிவுல ஒரு ரஷ்ய ஸ்கீ வீரர் இறந்துபோனார். விஷயம் தெரிஞ்சவங்களுக்கே அந்த நிலைமை.

சாயந்திரம் நாலு மணி. நான் சரிவுல பாதி வழியில, முதல் தடவையா விழாம வந்துக்கிட்டிருக்கேன். பாக்கெட்ல போன் அடிக்குது. தெரியாத நம்பர். பீட்சா போட்டு நின்னு, கையுறையைப் பல்லால கழட்டி எடுத்தேன்.

"நீ யாரு கண்ணு? எம்பையன் எங்க?"

விழுந்துட்டேன்.

ரெண்டு நாளா அவங்க போன் போட்டுப் போட்டு 'நாட் ரீச்சபிள்' கேட்டிருக்காங்க. ஹாஸ்டலுக்குப் போன் போயிருக்கு. வார்டன் யாரையோ பிடிச்சு, அவன் யாரையோ பிடிச்சு, கடைசியில 'காஷ்மீர்'ங்கிற வார்த்தையும் என் நம்பரும் பொள்ளாச்சிக்குப் போய்ச் சேர்ந்திருக்கு. அந்தம்மா குரல் நடுங்கின நடுக்கம் இருக்கே... டி.வி.யில பஹல்காம் பார்த்ததும், பையன் போன் அடங்கினதும், ரெண்டையும் சேர்த்துப் பாருங்க. போனை அவன்கிட்ட குடுத்தேன். பத்து நிமிஷம் அவன் ஒரு வார்த்தை பேசலை. 'ம்... ம்மா... ம்'னு மட்டும். மூக்கு நுனியில தண்ணி சொட்டிட்டிருந்துச்சு. குளிரா, அழுகையான்னு நாங்க கேக்கலை.

ராத்திரி எட்டு மணிக்கு மறுபடியும் போன். "அங்க தங்கியிருக்கிற வூட்டுக்காரர்கிட்ட குடு சாமி." ஓனர் கையில குடுத்தோம். அவங்களுக்குத் தமிழைத் தவிர எதுவும் தெரியாது. அவருக்குக் காஷ்மீரியும் உருதுவும். அவங்க பாட்டுக்குப் பொள்ளாச்சித் தமிழ்ல பேசறாங்க, இவர் பாட்டுக்கு 'ஜி பெஹன்ஜி, ஜி, ஃபிக்ர் மத் கரோ'ங்கிறார். அஞ்சு நிமிஷம். யாரும் மொழிபெயர்க்கலை. போனைத் திருப்பிக் குடுத்துட்டு, எங்ககிட்ட எதுவும் கேக்காம, புகாரியில ரெண்டு விறகு கூடப் போட்டார். தன் காங்க்ரியைக் கொண்டுவந்து அவன் மடியில வெச்சார். மத்த மூணு பேருக்கும் இல்லை, அவனுக்கு மட்டும்! அன்னியிலிருந்து கிளம்புற வரைக்கும் தினமும் காலையில அவன்கிட்டதான் முதல்ல வருவார். "அம்மி கோ ஃபோன் கியா?"

மறுநாள் பனி ரொம்ப மெலிசா இருந்துச்சு. சில இடத்துல புல் எட்டிப் பார்த்துச்சு. கோச் வானத்தையே பார்த்துக்கிட்டிருந்தார். டீ குடிக்க உக்காந்தப்ப விஷயம் வெளிய வந்துச்சு. அந்த சீசன்ல அது அவருக்கு ஒன்பதாவது வேலை நாளாம். 'சில்லை கலான்'னு அவங்க சொல்ற கடுங்குளிர்க் காலம் டிசம்பர் 21-ல ஆரம்பிச்சு 40 நாள். அதுக்குள்ள நல்லாப் பனி விழுந்தாத்தான் சீசன். 2024 ஜனவரி கிட்டத்தட்ட முழுசும் குல்மார்க் மொட்டையாக் கிடந்திருக்கு. 2025-ல பனி இல்லாம 'கேலோ இந்தியா' குளிர்கால விளையாட்டையே பிப்ரவரியிலிருந்து மார்ச்சுக்குத் தள்ளிவெச்சாங்க. மத்திய தரைக்கடல் காத்துன்னு சொன்னேனே, அது வந்தாத்தான் இவர் வீட்டு அடுப்பு எரியும். கோடையில குதிரையோட நடப்பாராம், 2025 கோடையில அதுவும் படுத்துருச்சு. ஏன்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

அவர் இதைப் புலம்பலாச் சொல்லலை. அடுத்த நிமிஷமே ஆரிஃப் கான் பத்திப் பேச ஆரம்பிச்சுட்டார். இந்தப் பக்கத்துப் பையன். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்ஸ்ல இந்தியாவுக்குப் போன ஒரே ஆள். அப்பா குல்மார்க்ல ஸ்கீ சாமான் கடை வெச்சிருந்தவர். ஜெயன்ட் ஸ்லாலம் போட்டியில 45-வது இடம். நாம அந்த நியூஸைப் பார்த்துட்டு '45-வதா?'ன்னு கடந்திருப்போம். கோச் அந்த நம்பரை, நம்ம ஊர்ல சச்சின் செஞ்சுரியைச் சொல்ற மாதிரி சொன்னார்.

அன்னிக்கு ராத்திரி பனி பெஞ்சுச்சு. சத்தமே இல்லை. மழைன்னா காதுல விழும்ல, இது எதுவுமே இல்லை. காலையில கதவைத் தள்ளினா திறக்கலை. முழங்கால் அளவு. கோச் வந்தப்ப அவர் முகத்தைப் பார்க்கணுமே! அந்த ரெண்டு நாள்தான் நாங்க உருப்படியாக் கத்துக்கிட்டது. நானும் பொள்ளாச்சியும் வளைஞ்சு திரும்புற அளவுக்கு வந்தோம். மத்த ரெண்டு பேரும் நேரா மட்டும்.

சனிக்கிழமை ராத்திரி ரூம்ல கணக்குப் போட்டோம். ஒரு நாளைக்கு 800 குறைச்சோம். நாலு நாள். 3,200. ஆளுக்கு 800 எடுத்து வெச்சு, கோச்கிட்டக் குடுத்தோம். அவர் வேண்டாம்னு சொல்லலை. எண்ணிக்கூடப் பார்க்காம ஃபெரனுக்குள்ள போட்டுக்கிட்டார். திரும்பற வழியில மூணு நாள் பன், வாழைப்பழம், ரயில்வே டீ. மொத்தச் செலவு ஆளுக்குப் பதினாலாயிரம் ஆச்சு, பன் உட்பட.

உங்களுக்கு இன்னும் முறையாக் கத்துக்கணும்னா, குல்மார்க்லயே மத்திய சுற்றுலா அமைச்சகத்தோட ஸ்கீ அண்ட் மவுன்டனியரிங் இன்ஸ்டிட்யூட் இருக்கு. 14 நாள் கோர்ஸ், தங்கறது, சாப்பாடு, சாமான் எல்லாம் சேர்த்து. இடம் கம்மி, சீக்கிரமே அப்ளை பண்ணுங்க. முக்கியமா, கிளம்புறதுக்கு முன்னாடி அங்க நிலைமை எப்படின்னு விசாரிச்சுட்டு, வீட்ல பேப்பர்ல எழுதிக் குடுத்துட்டுப் போங்க. ஃப்ரிட்ஜ்ல ஒட்டட்டும். போஸ்ட்பெய்டு சிம் ஒண்ணாவது குரூப்ல இருக்கட்டும்.

அதே ஹிம்சாகர்ல திரும்பினோம். லூதியானாவுல கம்பளி, டெல்லி தாண்டி ஜெர்கின், போபால்ல ஸ்வெட்டர், விஜயவாடாவுல உள்பனியன்னு ஒவ்வொண்ணாக் கழண்டுச்சு. காட்பாடியில ஃபேன் சுவிட்சைத் தேடினோம். ஈரோடு தாண்டும்போது பொள்ளாச்சிக்காரன் தலை வாரிக்கிட்டான். திருப்பூர்ல மறுபடியும் வாரிக்கிட்டான்.

கோவை ஜங்ஷன்ல வண்டி நுழையறப்ப பிளாட்ஃபார்ம்ல அந்தம்மா நின்னுட்டிருந்தாங்க. பக்கத்துல அவன் அப்பா. கையில ஒரு பெரிய எவர்சில்வர் டிபன் கேரியர், நாலடுக்கு. வாசனை எஸ்-5 கோச் வரைக்கும் வந்துச்சு. மூணு நாள் பன் சாப்பிட்ட வயிறு குதிச்சுச்சு. ஆனா அவங்க முகத்தைப் பார்த்ததும், எங்க நாலு பேர் காலும் ஸ்கீ பூட்ஸ் மாட்டின மாதிரி அப்படியே நின்னுருச்சு.

"டேய், நீங்க முன்னாடி இறங்குங்கடா"ன்னான் அவன்.